இருபது பேருக்கு ஒரு கம்பி

கரையும் கம்பியும் – 14

முத்துச் சலாபத்தின் கல் கணக்கைச் சென்ற இதழில் பார்த்தோம். குளியாள் கடலுக்குள் இறங்கக் கால் வைக்கும் அந்தக் கல்லே தூத்துக்குடிக் கரையில் உரிமையின் அளவுகோலாகவும் இருந்தது. மதுரை நாயக்கருக்கு இத்தனை கல், சேதுபதிக்கு இத்தனை கல் என்று பட்டியல் போட்டு விட்டுக்கொடுத்தார்கள். கடலடித் திட்டான பாரில் கிடக்கும் சிப்பி அளவானது, குளிக்க வருகிறவர்களோ ஏராளம். எனவே யார் எப்போது இறங்கலாம், யாருக்கு எத்தனை கல் என்பதை முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டியிருந்தது.

இருபதாம் நூற்றாண்டில் அதே கரைக்கு அளவான பொருள் இன்னொன்று வந்து சேர்ந்தது. வெளியூருக்குப் பேசும் கம்பி. அதை யார் எப்போது எவ்வளவு நேரம் பிடிக்கலாம் என்ற கேள்வி சிப்பிப் பாருக்கு எழுந்த கேள்விக்குச் சற்றும் இளைத்ததல்ல. இந்த அத்தியாயம் அந்தக் கேள்விக்குச் சொல்லப்பட்ட பதில்களைப் பற்றியது.

காயல்பட்டினத்தை மையமாக வைத்து இதைப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. தூத்துக்குடிக்குத் தெற்கே, திருச்செந்தூருக்கு எட்டிப்பிடிக்கும் தூரத்தில் உள்ள ஊர் இது. பரப்பளவில் சிறியது. ஆனால் இந்த ஊர் ஆண்களின் பிழைப்பு பல தலைமுறைகளாக ஊருக்கு வெளியே. கொழும்பில் கடை, சென்னை மண்ணடியில் வியாபாரம், ஹாங்காங்கிலும் பாங்காக்கிலும் ரத்தினக் கல், பிற்பாடு சவூதியும் அமீரகமும். வீடு பெண் மக்களுக்கு. மணமான பிறகும் பெண் தாய் வீட்டில்தான் இருப்பாள், மாப்பிள்ளைதான் அங்கே வருவார். ஆக, வீட்டில் உம்மாவும் பெண்களும் பிள்ளைகளும், கடல் கடந்து வாப்பாவும் காக்காமாரும் மச்சானும். இப்படி ஓர் ஊருக்கு வெளியூர்ப் பேச்சு ஆடம்பரமாக இருந்ததில்லை. குடும்பமே அதன் மேல்தான் நின்றது. தலைக்கணக்கை வைத்து இந்த ஊருக்கு இத்தனை கம்பி என்று ஒதுக்கினால் இங்கே கணக்கு தப்பும். இதே அளவுள்ள ஒரு விவசாய ஊரில் பேச்சின் பெரும்பகுதி ஊருக்குள்ளேயே முடிந்துவிடும். காயலில் அது ஊரைத் தாண்டியே தீரும்.

சுதந்திரம் வந்தபோது இந்தியா முழுமைக்கும் இருந்த தொலைபேசிகள் சுமார் 80,000. அதற்குப் பிறகும் நாற்பது ஆண்டுகள், ஒரு தொலைபேசி கேட்டு எழுதிப் போட்டுவிட்டு வருஷக் கணக்கில் காத்திருப்பது நம் வாழ்க்கையின் இயல்பு என்றே எடுத்துக்கொண்டோம். பணம் கட்டி முந்த 'ஓ.ஒய்.டி.' என்ற திட்டம் இருந்தது. மருத்துவர் போன்றவர்களுக்குத் தனி வரிசை, மற்ற எல்லோருக்கும் பொது வரிசை. கருவி கைக்கு வந்த பிறகுதான் அடுத்த வரிசை தொடங்கும். அதுதான் ட்ரங்க் கால்.

ட்ரங்க் கால் பேசியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள் என்றாலும் அதன் உள்வேலை இளையவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. ரிசீவரை எடுத்தால் மறுமுனையில் ஆபரேட்டர். சென்னையில் இன்ன எண் வேண்டும் என்று சொன்னால் அவர் ஒரு சீட்டில் நம் எண், வேண்டிய எண், பதிவு செய்த நேரம், அழைப்பின் வகை எல்லாம் குறித்துக்கொள்வார். சீட்டு வரிசையில் போகும். நாம் ரிசீவரை வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அரை மணியாகலாம், அரை நாளாகலாம். முறை வந்ததும் ஆபரேட்டர் நம்மை மணியடித்து அழைப்பார், பலகையில் கயிற்று முனையைத் துளையில் செருகி இரண்டு பக்கத்தையும் இணைப்பார். மூன்று நிமிடம் ஆனதும் நடுவில் வந்து சொல்வார். நீட்டிக்க வேண்டுமா என்று கேட்பார். வரிசையில் சீட்டுகள் குவிந்திருந்தால் அதைக் கேட்கக்கூட மாட்டார்.

இந்தப் புக்கிங் முறையைப் பழைய காலத்து மந்தத்தனம் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அது மிகத் தெளிவாக யோசித்துச் செய்யப்பட்ட ஏற்பாடு. ஏன் என்பதைப் பார்க்க நாம் கோபன்ஹேகன் வரை போய்வர வேண்டும்.

அங்கே டெலிபோன் கம்பெனியில் 1908-இல் வேலைக்குச் சேர்ந்தவர் ஆக்னர் க்ராருப் ஏர்லாங் என்ற கணித வல்லுநர். ஏணி தூக்கிவரும் ஒரு தொழிலாளியைக் கூட்டிக்கொண்டு தெருவில் கேபிள் குழிகளுக்குள் தானே இறங்கி அளந்து பார்க்கும் மனிதர். கம்பெனி அவர் முன் வைத்த கேள்வி எளிமையானது: எத்தனை பேர் பேசினால் எத்தனை கம்பி போட வேண்டும்? குறைத்துப் போட்டால் ஜனங்கள் திட்டுவார்கள். கூட்டிப் போட்டால் முதல் வீண். 1909-லும் 1917-லும் அவர் வெளியிட்ட கட்டுரைகள்தான் இன்றைக்கும் செல்பேசி கோபுரம் வரை ஆளுகிற கணக்கு. போக்குவரத்தை அளக்கும் அலகுக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்.

ஓர் ஊரிலிருந்து வெளியே ஒரே ஒரு கம்பி. மணிக்கு இருபது பேர் பேச வருகிறார்கள். ஆளுக்கு மூன்று நிமிடம். இருபது மூன்று அறுபது. ஒரு மணி நேரத்துக்கு அறுபது நிமிடம். சரியாகப் போதும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஏர்லாங் போதாது என்றார். ஜனங்கள் சொல்லிவைத்துக்கொண்டு ஒருவர் முடித்ததும் அடுத்தவராக வருவதில்லை. ஒரே நேரத்தில் மூவர் வருவார்கள், அப்புறம் பத்து நிமிடம் ஈ காக்கை இருக்காது. கம்பி காலியாக இல்லாவிட்டால் திரும்பிப் போகச் சொல்கிற ஏற்பாடு என்றால், அந்த இருபது பேரில் பத்துப் பேர் பேசாமலே திரும்புவார்கள். கம்பியும் பாதி நேரம் சும்மா கிடக்கும். இரண்டும் ஒருசேர நடக்கும் என்பதுதான் இந்தக் கணக்கின் கொடுமை.

இப்போது புக்கிங் முறைக்கு வாருங்கள். வந்தவரைத் திருப்பி அனுப்பாமல் சீட்டெழுதி வரிசையில் வைத்தால் கம்பிக்கு ஓய்வே கிடையாது. ஒரு பேச்சு முடிந்ததும் அடுத்த சீட்டு தயார். அறுபது நிமிடமும் கம்பி உழைக்கும். தாமிரம் அரிதான, வெளிநாட்டுச் செலாவணி அதைவிட அரிதான ஒரு நாட்டில் இருக்கிற கம்பியை முழுக்கப் பிழிய இதைவிட நல்ல வழி இல்லை. கம்பியின் காத்திருப்பை எடுத்து மனிதர்களின் காத்திருப்பாக மாற்றிவிட்டார்கள். அந்தச் செலவு எந்த இலாகாவின் கணக்குப் புத்தகத்திலும் ஏறவில்லை. போன் உள்ள வீட்டுத் திண்ணையில் மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தவர்கள் அதைக் கட்டினார்கள்.

ஏர்லாங்கின் கணக்கில் சிற்றூர்களுக்கு இன்னொரு சேதியும் உண்டு. அதைத்தான் நான் இந்த அத்தியாயத்தின் உயிராகக் கருதுகிறேன். ஒரு கம்பி உள்ள ஊரில் மணிக்குப் பத்துப் பேர் மட்டும் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்துக் கம்பி உள்ள ஊரில் நூறு பேர். கம்பிக்குத் தலா பத்துப் பேர்தான், இரண்டு ஊருக்கும் ஒரே விகிதம். நியாயமான பங்கீடு என்று எந்த அதிகாரியும் கையெழுத்துப் போடுவார். ஆனால் ஒற்றைக் கம்பி ஊரில் மூன்றில் ஒருவர் கம்பி கிடைக்காமல் திரும்புவார். பத்துக் கம்பி ஊரில் நூற்றுக்கு இருவர்கூடத் திரும்ப மாட்டார்கள். கட்டு பெரிதாக ஆக, ஒருவர் இல்லாத இடத்தை இன்னொருவர் நிரப்பிக்கொள்ள முடிகிறது. கட்டு சிறியதாக இருந்தால் முடியாது. சிறிய ஊராக இருப்பதற்கே ஒரு தண்டனை இருக்கிறது என்று அர்த்தம். தலைக்கு இத்தனை என்று சமமாகப் பிரித்தாலே சிற்றூருக்கு அநியாயம் நடந்துவிடும். சிற்றூருக்குச் சமநீதி வேண்டுமென்றால் அதற்குத் தலைக்கணக்குக்கு மேலே கொடுத்தாக வேண்டும். காயலைப் போல வெளியூர்ப் பேச்சை நம்பி வாழ்கிற ஊருக்கு இன்னும் மேலே.

கம்பியைக் கூட்டாமல் கம்பிக்குள் இடத்தைக் கூட்டும் வித்தையும் நடந்தது. மனிதக் காதுக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்பார்கள். தொலைபேசி அதில் 300 முதல் 3400 வரைதான் விட்டுவைத்தது. பேச்சு புரிய அது போதும். அப்படி நறுக்கிய குரல்களை 4000 ஹெர்ட்ஸ் இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒரே ஜோடிக் கம்பியில் மூன்று பேச்சு, பன்னிரண்டு பேச்சு என்று ஏற்றலாம். சாலையோரக் கம்பங்களில் காக்கை உட்கார்ந்திருந்த அந்தத் தாமிரக் கம்பிகள் இப்படித்தான் தங்கள் சக்திக்கு மேல் சுமந்தன. நறுக்கப்பட்டதில் முதலில் போனது 'ஸ'வும் 'ஃப'வும். இரண்டும் உயர்ந்த அலைவரிசையில் ஒலிப்பவை. ஸாலிஹா என்றாலும் ஃபாத்திமா என்றாலும் முதல் எழுத்து காற்றாகவே வந்து சேரும். எழுத்து எழுத்தாகச் சொல்ல வேண்டியிருந்தது இதனால்தான். ட்ரங்க் காலில் எல்லோரும் தொண்டை கிழியக் கத்தினார்கள். நறுக்கிப் போன ஒலி கத்தியதால் திரும்பி வரவில்லை.

வரிசை என்று ஒன்று இருந்தால் அதை முந்துவதற்கும் ஒரு விலை வந்துவிடும். ட்ரங்க் காலில் மூன்று படிகள். சாதாரணம், அதற்கு இரட்டைக் கட்டணத்தில் 'அர்ஜென்ட்', எட்டு மடங்கில் 'லைட்னிங்'. தந்தியில் இதற்கு முன்மாதிரி இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கூடுதல் காசுக்கு முந்திப் போகும் தந்தி உண்டு. சர்க்கார் அழைப்புகளுக்கோ தனி முன்னுரிமை.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. நிஜமாகவே அவசரம் உள்ளவர் கூடக் கொடுத்துப் பேசட்டுமே? ஆனால் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வரிசையில் நான்கு பேர். ஆளுக்கு மூன்று நிமிடம். நான்காமவர் ஒன்பது நிமிடம் நிற்க வேண்டும். அவர் லைட்னிங் போட்டு முன்னே போகிறார். அவருக்கு ஒன்பது நிமிடம் லாபம். மற்ற மூவருக்கும் தலா மூன்று நிமிடம் நஷ்டம். மூன்று மூன்று ஒன்பது. ஒரு விநாடிகூட உலகத்தில் மிச்சமாகவில்லை, கை மாறியது அவ்வளவுதான். பின்னாளில் இணையத்தின் அடிப்படைகளை வகுத்தவர்களில் ஒருவரான லெனார்ட் க்ளைன்ராக் 1960-களில் இதைப் பொதுவிதியாகவே நிறுவினார். எவரை முன்னே விட்டாலும், பேச்சின் நீளம் பார்க்காமல் விடும்வரை, மொத்தக் காத்திருப்பு குறையாது.

அதோடு முடியவில்லை. நாலு பேர் அர்ஜென்ட் போட ஆரம்பித்தால் சாதாரணச் சீட்டு அடியில் அமுங்கிப் போகும். அதைப் பார்த்து ஐந்தாமவரும் அர்ஜென்ட் போடுவார். பிறகு அர்ஜென்ட் வரிசையே சாதாரண வரிசையின் நீளத்துக்கு வந்து நிற்கும். எல்லோரும் இரட்டிப்புக் கொடுத்து, பழைய இடத்திலேயே நிற்பார்கள். மகனுக்கு உடம்பு சரியில்லை என்று கொழும்புக்குச் சொல்லத் துடிக்கும் தாய்க்கும் சரக்கு விலை கேட்கும் வியாபாரிக்கும் நடுவில் எது அவசரம் என்பதைக் கம்பி பையைப் பார்த்தே முடிவு செய்தது. தேவையைப் பார்த்து முடிவு செய்ய முடிந்த ஒரே ஆள் ஆபரேட்டர். சிறிய எக்ஸ்சேஞ்சில் அவருக்கு ஊரைத் தெரியும், குரலைத் தெரியும். சீட்டை மேலே எடுத்துவைக்க அவருக்குச் சட்டம் இடம் கொடுத்ததோ இல்லையோ, மனசு இடம் கொடுத்த நேரங்கள் உண்டு. இயந்திரம் வந்தபோது நாம் இழந்தது அதைத்தான்.

இங்கே தந்தி இலாகாவின் அழகான ஓர் ஏற்பாட்டைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பண்டிகை நாளில் ஆயிரக்கணக்கானோர் ஒரே வாழ்த்தை அனுப்புவார்கள். ஒவ்வொன்றையும் எழுத்து எழுத்தாக மோர்ஸில் தட்டினால் கம்பி அடைத்துக்கொள்ளும். எனவே வாழ்த்துகளுக்கு எண் கொடுத்தார்கள். தபாலாபீஸ் சுவரில் பட்டியல் தொங்கும். தீபாவளி வாழ்த்து 1, ஈத் முபாரக் 2. அனுப்புகிறவர் எண்ணைக் குறித்தால் போதும். கம்பியில் போவது அந்த ஒற்றை எண், போய்ச் சேர்ந்த இடத்தில் முழு வாழ்த்தும் அச்சிட்ட தாளில் எழுதிக் கொடுக்கப்படும். பெருநாளன்று காயலில் ஒரு வீட்டு வாசலில் தந்திச் சேவகர் கொண்டுவந்து நீட்டிய ஈத் முபாரக், ஊருக்குள் வரும்வரை வெறும் இரண்டாக இருந்தது. படத்தையும் பாட்டையும் சுருக்கி அனுப்பும் இன்றைய வித்தைகளின் மூத்த அண்ணன் இது. காசு கூடக் கொடுத்தவரை முன்னே விடாமல், எல்லோருடைய சுமையையும் குறைத்து வரிசையைக் கரைத்த ஏற்பாடு. எனக்குப் பிடித்த பதில் இதுதான். 2013 ஜூலையில் தந்தி நின்றது.

கம்பிப் பங்கீட்டுக்கு இலாகா போட்ட விதிகள் ஒரு பக்கம் என்றால், ஜனங்கள் தாமாகப் போட்டுக்கொண்ட விதிகள் மறுபக்கம். அவற்றில் முதன்மையானது 'பி.பி.' நம்பர். கல்யாணப் பத்திரிகையிலும் கடை அட்டையிலும் எண்ணுக்குப் பக்கத்தில் பி.பி. என்று போட்டிருந்தால் அது பக்கத்து வீட்டுத் தொலைபேசி என்று எல்லோருக்கும் புரியும். தெருவுக்கு ஒரு கருவி, பத்து வீட்டுக்கு அது சொந்தம். காயலில் இதற்கு ஊர் அமைப்பே உதவியது. வீடுகளின் பின்புறமாகப் பெண்கள் போய்வர முடுக்குகள் உண்டு. பெரிய தெருவைத் தொடாமலே ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகலாம். "ராத்தா, மச்சான் போன்ல இருக்காஹ, ஓடி வாங்க!" என்று பிள்ளை ஒன்று கொல்லைப்புறமாக ஓடிவந்து சொன்னால் போதும். மறுமுனையில் ரியால் கரைந்துகொண்டிருக்கும். அதனால் முதலில் கூப்பிட்டுச் சொல்லி வைத்துவிட்டு, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி கூப்பிடுவது வழக்கமானது. அழைப்பை இரண்டாகப் பிரித்து, ஓடிவரும் நேரத்துக்குக் கம்பியைப் பிடித்துவைக்காமல் விட்டார்கள். இதை எந்தப் பொறியாளரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஆபரேட்டர் இல்லாமல் நாமே எண்ணைச் சுழற்றி வெளியூருக்குப் பேசும் எஸ்.டி.டி. இந்தியாவில் முதன்முதலில் வந்தது 1960 நவம்பரில், லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே. சிற்றூர்களுக்கு அது வந்து சேர ஒரு தலைமுறை ஆனது. 1984-இல் சாம் பிட்ரோடா முன்னின்று அமைத்த சி-டாட், குளிர்சாதனம் தேவைப்படாத, புழுதியும் வெக்கையும் தாங்கும் சிறிய மின்னணு எக்ஸ்சேஞ்சை நம் ஊர்களுக்கென்றே வடிவமைத்தது. 1986-இல் கர்நாடகத்தின் கிட்டூரில் முதல் கிராம எக்ஸ்சேஞ்ச் இயங்கத் தொடங்கியது. பிறகு மளமளவென்று பரவியது. திருச்செந்தூர் வட்டாரத்துக்கு 04639, தூத்துக்குடிக்கு 0461 என்று எண்கள் மனப்பாடமாயின. மஞ்சள் பலகையோடு எஸ்.டி.டி. பூத்துகள் முளைத்தன.

ஆபரேட்டர் போனதும் வரிசையும் போனது. அதன் இடத்தில் வந்தது, எல்லாத் தடங்களும் உபயோகத்தில் உள்ளன, சற்று நேரம் கழித்து முயலுங்கள் என்ற பதிவுக் குரல். ஏர்லாங் சொன்ன திருப்பி அனுப்பும் ஏற்பாடு அதுதான். சீட்டெழுதி வைத்துக்கொள்ள ஆள் இல்லை. மறுபடி மறுபடி சுழற்ற வேண்டியதுதான். எல்லோரும் மறுபடி சுழற்றினால் நெரிசல் இன்னும் கூடும்.

அதற்கு இலாகா கண்ட மருந்து கடிகாரம். பகலில் முழுக் கட்டணம், மாலை சாய்ந்தால் பாதி, இரவு ஏறினால் மூன்றில் ஒன்று, பதினொரு மணிக்கு மேல் கால் பங்கு. பகலில் வியாபாரிகள் பேசட்டும், வீட்டுப் பேச்சு இரவுக்கு ஒதுங்கட்டும் என்பது எண்ணம். கம்பியின் கோணத்திலிருந்து பார்த்தால் புத்திசாலித்தனமான வேலைதான். இரவெல்லாம் உறங்கிய கம்பிக்கு வேலை கிடைத்தது. ஆனால் பத்தே முக்காலுக்கு எந்த பூத் வாசலிலும் கூட்டம் நிற்கும். மணி பதினொன்று அடித்ததும் ஊரெங்கும் ஒரே நொடியில் எண்கள் சுழலும். நெரிசல் காலையிலிருந்து எழுந்து இரவு பதினொன்றில் போய் உட்கார்ந்துகொண்டது. கண்ணாடிக் கதவுக்குள் ஒருவர், சிவப்பு எழுத்தில் யூனிட் ஓடும் மீட்டரைப் பார்த்தபடியே பேசுவார். வெளியே அடுத்தவரும் அதே மீட்டரைத்தான் பார்ப்பார். மண்ணடியில் இருக்கும் மகனோடு பேச ஒரு வயதான தாய் அந்த நேரத்தில் தெருவுக்கு வந்து நிற்பது என்பது காயல் போன்ற ஊரில் சின்ன விஷயம் இல்லை. கால் பங்குக் கட்டணத்தின் மீதி முக்கால் பங்கை அவர் அப்படிச் செலுத்தினார்.

செல்பேசி வந்ததும் ஜனங்கள் கண்டுபிடித்தது மிஸ்டு கால். ஒரு மணி என்றால் வந்து சேர்ந்தேன், இரண்டு என்றால் கூப்பிடு. பேச்சுக்கான தடத்தில் காசு விழும்முன் துண்டித்து, சேதியை மட்டும் அனுப்பும் முறை. தந்தியின் எண் 2 வேறு வேஷத்தில் திரும்பி வந்தது என்று சொல்லலாம்.

கடல் பக்கம் திரும்பினால், இந்தக் கரைக்கு 2006 முக்கியமான ஆண்டு. பி.எஸ்.என்.எல்-லும் ஸ்ரீலங்கா டெலிகாமும் சேர்ந்து தூத்துக்குடிக்கும் கொழும்பை அடுத்த கல்கிசைக்கும் இடையே கண்ணாடி இழைக் கேபிளைக் கடலடியில் போட்டன. நீளம் சுமார் 320 கிலோமீட்டர். பாரத்-லங்கா கேபிள் என்று பெயர். தொடக்கத் திறன் விநாடிக்கு 40 கிகாபிட். பழைய முறையில் ஒரு பேச்சுக்கு 64 கிலோபிட் என்று வைத்து வகுத்தால் ஆறு லட்சம் பேர் ஒரே நேரத்தில் பேசலாம். முத்துக்காகச் சண்டை நடந்த அதே கடலின் அடியில், கொழும்புக்கும் நமக்கும் நடுவில், பேச்சுக்குப் பஞ்சமே இல்லை என்ற நிலை வந்துவிட்டது.

ஆனால் அந்த ஆறு லட்சமும் இறங்கியது தூத்துக்குடிக் கரையில். அங்கிருந்து ஊர் ஊராகப் பிரிந்து, கடைசியில் ஒரு தெருவின் கோபுரத்துக்கு வந்து சேரும்போது கட்டு மறுபடி சிறியதாகிவிடுகிறது. கோபுரத்தின் கீழே இருக்கும் எல்லோரும் ஒரே காற்றைப் பங்கு போட வேண்டும். பெருநாள் இரவில், ஊருக்கு வந்த பிள்ளைகளும் வராத பிள்ளைகளும் ஒரே நேரத்தில் முகம் பார்த்துப் பேச முயலும்போது படம் உறைந்து நிற்பது இதனால்தான். காற்றை எப்படிப் பங்கு போடுவது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு நல்ல பாடம் எழுதப்பட்டிருக்கிறது. தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமத்து நோயாளிகளை நகரத்து மருத்துவருக்கு முகம் காட்ட அமைத்த நெடுந்தூர வைஃபை. அடுத்த இதழில் அங்கே போகிறோம்.

(தொடரும்)